மலைமேல் கல்யாண வேலை: விலை பேசுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் 22 ஆண்டுகள் பந்தலும் மேடை அலங்காரமும் போட்டுக்கொண்டிருந்தேன். முழங்கால் ஒத்துழைக்க மறுத்ததால் தொழிலைத் தம்பி மகனிடம் விட்டுவிட்டு, இப்போது ஆர்டருக்குக் கணக்குப் போட்டுத் தரும் வேலையை மட்டும் வீட்டிலிருந்தபடி செய்கிறேன். கோத்தகிரி, ஊட்டி, கூடலூர்ப் பக்கத்திலிருந்து சமையல் மாஸ்டர்களும் பந்தல்காரர்களும் போட்டோ எடுப்பவர்களும் வருகிறார்கள். ஆள்தான் மாறுகிறார்களே தவிர, கேள்வி மாறுவதில்லை. ஆகவே கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை எழுதி, நான் சொல்லிவரும் பதில்களை அவற்றின் கீழே வைத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுக்குத் தந்துள்ள தொகைகள் கணக்குப் போடும் முறையைக் காட்டுவதற்கு மட்டுமே. உங்கள் கணக்கில் உங்கள் தொகைகளைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

1. போனை எடுத்ததுமே "எவ்வளவு?" என்றுதான் கேட்கிறார்கள். முன்பு இப்படி இல்லையே அண்ணா, என்ன ஆயிற்று?

முன்பும் விலை கேட்டார்கள். ஆனால் கேட்பதற்கு ஊரில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். இப்போது பெண்ணின் அண்ணனோ மாப்பிள்ளையின் தோழனோ ஒரே மாலையில் மேட்டுப்பாளையம், கோயம்புத்தூர், திருப்பூர் வரை பத்துப் பேரிடம் போனிலேயே விலை வாங்கிவிடுகிறார். போன் திரையில் எல்லா மேடையும் ஒன்றுபோலத்தான் தெரியும். வேறுபாடு தெரியாத இரண்டில் மலிவானதை ஒருவர் எடுத்தால் அதில் அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டது நாம்தான்.

பணமும் இறுகியிருக்கிறது. கல்யாணச் செலவில் முதலில் ஒதுக்குவது தங்கத்துக்கு. 2025 அக்டோபரில் சவரன் 90,000 ரூபாயைத் தாண்டிய பிறகு, சவரன் எண்ணிக்கையைக் குறைக்க மனம் வராத குடும்பங்கள் பூவிலும் விளக்கிலும் கைவைத்தன. இங்கே சிறு தேயிலை விவசாயி வீட்டுக் கல்யாணம் என்றால், அந்த ஆண்டு பசுந்தேயிலைக்குக் கிலோவுக்கு என்ன கிடைத்தது என்பதுதான் பந்தலின் நீளத்தையே முடிவு செய்கிறது. இதோடு, 2020இல் கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடக் கூடாது என்ற கட்டுப்பாடு வந்தபோது, சிறிய கல்யாணத்தையும் ஊர் குறை சொல்லாது என்பதைப் பல வீடுகள் கண்டுகொண்டன. கட்டுப்பாடு போய்விட்டது, அந்தத் தெளிவு போகவில்லை.

2. ஒரு வேலைக்கு எவ்வளவு சொல்வது என்று எப்படிக் கணக்குப் போடுவது? நான் குத்துமதிப்பாகத்தான் சொல்கிறேன்.

இங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் குத்துமதிப்பாகத்தான் சொல்கிறார்கள். நானும் முதல் எட்டு ஆண்டுகள் அப்படித்தான் சொன்னேன், கையில் பணம் புரண்டுகொண்டே இருந்ததால் லாபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தை மாதம் முடிந்ததும் என் மனைவி பழைய டைரியில் ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி எழுதிப் பார்த்தார். அந்த மாதத்தில் செய்த ஒன்பது வேலைகளில் மூன்று வேலைகளுக்கு நாங்களே கைப்பணம் போட்டுக் கல்யாணம் செய்து வைத்திருந்தோம் என்பது அப்போதுதான் தெரிந்தது.

குன்னூர் மண்டபம் ஒன்றில் 60,000 ரூபாய்க்கு வரவேற்பு மேடை போடுவதாக வைத்துக்கொள்வோம். பூவுக்கு 17,000, பூவும் துணியும் ஏற்றிவரக் கீழே சமவெளிக்குப் போய்வரும் வண்டிக்கு 6,000, ஐந்து பேருக்கு இரண்டு நாள் கூலி, நாளுக்கு 900 வீதம் 9,000, அவர்கள் சாப்பாட்டுக்கும் இரவுத் தங்கலுக்கும் 3,000, துணி வெளுக்க 3,500, விளக்கு, ஜெனரேட்டர், டீசல் 6,000, உடைவது கிழிவதற்கு 2,000. இதுவரை 46,500 ஆயிற்று. ஆர்டர் பிடித்துக் கொடுத்தவருக்குப் பத்து சதவீதம் என்று 6,000 போனால், மிச்சம் 7,500. மூன்று நாள் உங்கள் உழைப்பு, கிடங்கு வாடகை, ஆர்டர் இல்லாத மாதங்களின் வீட்டுச் செலவு எல்லாம் அந்த 7,500க்குள்தான் அடங்க வேண்டும்.

இப்போது "ஐயாயிரம் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று கேட்கிறார்கள், நீங்களும் தலையாட்டுகிறீர்கள். கமிஷன் 5,500 ஆகக் குறையும். மற்ற எந்தச் செலவும் குறையாது. மிச்சம் 3,000. கேட்டவருக்கு அது பன்னிரண்டில் ஒரு பங்கு தள்ளுபடி. உங்களுக்கோ மிச்சத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. இந்த ஒரு கணக்கைத் தன் வேலைக்குப் போட்டுப் பார்க்காதவர் கீழே உள்ள பதில்களைப் படிப்பதில் பயன் இல்லை.

3. கீழிருந்து வருகிறவர் 45,000க்கு அதே மேடையைப் போட்டுத் தருகிறேன் என்கிறாராம். நாங்கள் எப்படி ஈடு கொடுப்பது?

விலையில் ஈடு கொடுக்க வேண்டியதில்லை. சமவெளியில் அதே துணியை வாரத்துக்கு மூன்று மேடைக்குப் பயன்படுத்துகிறவருக்குத் துணிச் செலவு பிரிந்துபோகும், உங்களுக்குப் பிரியாது. அவரது விலையைத் துரத்தினால், அவரது கணக்கில் நீங்கள் தொழில் செய்வதாகிவிடும். அவரது 45,000க்குள் மலைப்பாதை வண்டி வாடகையும் ஆட்களின் தங்கலும் அடங்கியிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுமாறு வீட்டாரிடம் பணிவாகச் சொல்லலாம். பெரும்பாலும் அது "தனி" என்று பிறகுதான் வரும்.

மலையில் வேலை தெரிந்திருப்பது விலையில் சேர வேண்டிய பொருள். சமையலை எடுத்துக்கொள்ளுங்கள்: ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுகிறது. உலை தளதளவென்று கொதிக்கும், பருப்பு வேகாது. கீழிருந்து வந்த மாஸ்டர் ஒருவர் காலை ஏழு மணிக்கு அண்டாவைத் திறந்து, பருப்பை விரலால் நசுக்கிப் பார்த்து, அது நசுங்காமல் வழுக்கி ஓடியதும் அடுப்பைக் கூட்டச் சொன்னார். அடுப்பைக் கூட்டினால் தண்ணீர் வற்றுமே தவிரச் சூடு ஏறாது. முந்தின இரவே ஊறவைத்துக் குக்கரில் போட்டிருக்க வேண்டும் என்பது உள்ளூர் மாஸ்டரின் உதவியாளுக்குக்கூடத் தெரியும். அன்று முதல் பந்தி முக்கால் மணி நேரம் தாமதமாயிற்று. இதை அடுத்தவரைக் குறைகூறும் கதையாகச் சொல்லாமல், "இங்கே பருப்புக்கு நாங்கள் இப்படிச் செய்கிறோம், எரிவாயு இவ்வளவு கூடுதலாகும்" என்று உங்கள் வேலைமுறையாக விளக்கினால், பெண்ணின் தாயார் கட்டாயம் காதுகொடுத்துக் கேட்பார்.

4. "கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்" என்று கேட்கிறார்கள். முகத்தை முறித்துப் பேசவும் முடியவில்லை.

முறிக்க வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். விலை இறங்கும்போது வேலையும் கூடவே இறங்க வேண்டும். "ஐயாயிரம் குறைக்கலாம் அம்மா, நுழைவாயில் வளைவில் பூவுக்குப் பதிலாகத் துணி போட்டுக்கொள்ளலாம்" என்று சொல்லுங்கள். சிலர் சரி என்பார்கள். சிலர் "வளைவு பூவிலேயே இருக்கட்டும்" என்று பழைய விலைக்கே வந்துவிடுவார்கள். இரண்டுமே நல்லதுதான். எதையும் எடுக்காமல் விலையை மட்டும் இறக்கினால், முதலில் சொன்ன விலை பொய் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். அதற்குப் பிறகு அவர்கள் இன்னும் இரண்டு முறை கேட்பார்கள்.

இதற்கு, எதை எடுத்தால் எவ்வளவு குறையும் என்பது நாக்கு நுனியில் இருக்க வேண்டும். செலவு அதிகமாகவும் கண்ணுக்குக் குறைவாகவும் தெரிகிற பொருள்களின் பட்டியல் ஒன்றை முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். என் பட்டியலில் முதலில் இருந்தது மேடையின் பக்கவாட்டுப் பூ. போட்டோவில் அது விழுவதே இல்லை.

5. மூன்று பேக்கேஜ் போட்டு வைக்கலாமா?

வைக்கலாம். ஆனால் தங்கம், வெள்ளி, பிளாட்டினம் என்று பெயர் வைப்பதால் ஒன்றும் ஆகாது. எத்தனை அடி மேடை, எத்தனை நாற்காலி, எத்தனை மணி நேரம் ஜெனரேட்டர் என்று அளவோடு எழுதியிருந்தால்தான் அது பேக்கேஜ்.

6. வாட்ஸ்அப்பில் விலை அனுப்பினால், அதையே காட்டி அடுத்தவரிடம் குறைத்துக் கேட்கிறார்கள். அனுப்பாமல் இருக்கலாமா?

அனுப்பாவிட்டால் உங்களைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவார்கள். தொகையை மட்டும் அனுப்புவதுதான் தவறு. தொகையோடு மேடை அளவு, பூ வகை, ஆள் எண்ணிக்கை, வண்டி வாடகை உட்பட என்ற குறிப்பு, இந்த விலை எந்தத் தேதி வரை செல்லும் என்பது ஆகியவை ஒரே பக்கத்தில் இருந்தால், அடுத்தவரும் அதே பட்டியலுக்குத்தான் விலை சொல்ல வேண்டிவரும். உங்கள் தாளைக் காட்டி அடுத்தவரிடம் கேட்பது அப்போது உங்களுக்கு நன்மையாகவே முடியும்.

பூவின் விலையில் எச்சரிக்கை வேண்டும். ஆறு மாதம் முன்னால் கொட்டேஷன் கொடுக்கிறோம். சத்தியமங்கலம் மல்லிகையோ முகூர்த்த நாளில் பல மடங்கு ஏறிவிடுகிறது. ஆகவே "மல்லிகை இத்தனை கிலோ, கிலோ இந்த விலை வரை எங்கள் பொறுப்பு, அதற்கு மேல் அன்றைய விலை" என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். மேடைக்கு கோத்தகிரிப் பக்கத்துப் பசுமைக்குடில்களில் விளையும் கார்னேஷனை எடுத்தால் கீழே போய்வரும் வண்டியே மிச்சமாகும். தலைக்கு மல்லிகைதான் வேண்டும் என்பார்கள், அதில் கைவைக்காதீர்கள்.

7. இலைக் கணக்கில் ஒவ்வொரு கல்யாணத்திலும் தகராறு வருகிறது. 500 இலை என்றார்கள், 380தான் விழுந்தது. அதற்குத்தான் பணம் தருவோம் என்கிறார்கள்.

விலை முக்கியமாகிவிட்ட பிறகு அதிகமாகியிருக்கும் தகராறு இதுதான். வீட்டார் பக்கத்திலும் நியாயம் உண்டு, உண்ணாத இலைக்கு ஏன் பணம் என்பார்கள். உங்கள் பக்கத்திலோ, 500 பேருக்கு அரிசியும் காயும் வாங்கியாயிற்று, ஆளும் வந்தாயிற்று. இது கல்யாணத்தன்று பந்தியில் நின்று தீர்க்கும் விஷயமே அல்ல. அட்வான்ஸ் வாங்கும் நாளிலேயே மூன்று எண்களை எழுதிவிட வேண்டும். உறுதி எண் எவ்வளவு, அதற்குக் குறைந்தாலும் அந்தத் தொகை உண்டு. அதற்கு மேல் எத்தனை இலை வரை அதே விலைக்குத் தருவீர்கள். அதையும் தாண்டினால் என்ன செய்வீர்கள். உறுதி எண்ணைக் கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பு வரை மாற்றிக்கொள்ளலாம் என்று இடம் கொடுங்கள். காய் ஏற்றும் வண்டி அதற்குப் பிறகுதான் கிளம்பும் என்பதால் உங்களுக்கு இழப்பில்லை.

எண்ணுவது யார் என்பதும் அடுத்த தகராறு. இலைக் கட்டைப் பிரிக்கும்போதே நூறு நூறாகக் கட்டி, ஒவ்வொரு கட்டும் பந்திக்குப் போகும்போது வீட்டார் சார்பில் ஒரு மாமாவோ சித்தப்பாவோ கோடு போட்டுக்கொள்ளட்டும். குழந்தைக்கு இலை போட்டால் அதுவும் இலைதானா, மேளக்காரருக்கும் வண்டி ஓட்டுநர்களுக்கும் போடும் இலை யார் கணக்கு என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். கோத்தகிரியில் நான் பார்த்த ஒரு கல்யாணத்தில் பத்தொன்பது ஓட்டுநர் இலைகளுக்காக மதியம் மூன்று மணி வரை பாத்திரம் ஏற்றாமல் இரு தரப்பும் நின்றுகொண்டிருந்தன.

எச்சில் இலையையும் மிச்சத்தையும் அப்புறப்படுத்துவது யார் வேலை என்றும் எழுதிக்கொள்ள வேண்டும். சமவெளிக் கொட்டேஷனைப் பார்த்து எழுதியவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். இங்கே இரவு மண்டபத்தின் பின்புறம் இலையைக் குவித்து வைத்தால் விடிவதற்குள் கரடி வந்து நிற்கும். மூடிய வண்டியில் அன்றிரவே ஏற்றுவதற்கு ஆகும் செலவு உங்களுடையது என்றால், அது விலையில் இருக்க வேண்டும்.

8. எல்லாம் நூறு பேர் கல்யாணமாகிவிட்டது. எடுத்தால் கட்டுமா?

பழைய முறையில் எடுத்தால் கட்டாது. வண்டி ஒன்றுதான், மாஸ்டர் ஒருவர்தான். 600 இலைக்குப் பிரிந்த செலவு நூறு இலைமேல் வந்து விழும். ஆகவே நூறு இலைக்கு இலை விலையைக் கேட்டால் கூட்டித்தான் சொல்ல வேண்டும், அல்லது இலை விலையே சொல்லாமல் மொத்தமாக ஒரு தொகை சொல்ல வேண்டும். இரண்டாவது முறையே மேல் என்பது என் அனுபவம். பெரிய கல்யாணத்தின் இலை விலையோடு ஒப்பிட்டுப் பார்க்க அதில் இடமில்லை.

கோயிலில் தாலி கட்டி, மதியம் சிறு மண்டபத்தில் விருந்து என்று முடிக்கும் வீடுகளில் பணம் இல்லை என்று நினைக்காதீர்கள். பலர் ஆளைக் குறைத்திருக்கிறார்கள், தரத்தைக் குறைக்கவில்லை. அவர்களுக்குப் பதினாறு அடி மேடை தேவையில்லை. மணையைச் சுற்றிலும் எட்டு அடிக்கு நல்ல பூ போதும். இரும்புச் சட்டம் ஏற்ற வேண்டியதில்லை, இரண்டு ஆள் போதும், காலையில் போட்டு மதியம் கழற்றிவிடலாம். 2ஆம் கேள்வியின் கணக்கை இதற்குப் போட்டுப் பார்த்தால், 25,000 ரூபாய் வேலையில் 60,000 ரூபாய் வேலைக்குச் சமமான மிச்சம் நிற்பதைக் காணலாம். தம்பி மகன் இப்போது ஒரே முகூர்த்த நாளில் இப்படி இரண்டு செய்கிறான். எனக்கு முதலில் கௌரவக் குறைவாகத்தான் இருந்தது.

9. சீசனில் விலையைக் கூட்டி, ஆடியிலும் மார்கழியிலும் குறைத்துப் போடுவது சரியா?

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணமே இல்லை என்கிறபோது எவ்வளவு குறைத்தும் பயனில்லை. அந்த மாதங்களில் வளைகாப்பு, அறுபதாம் கல்யாணம், அலுவலக விழா போன்ற வேறு வேலைகளைத் தேட வேண்டும். முகூர்த்த மாதங்களுக்குள்ளேயே வரும் வார நாள்கள்தான் விலை குறைக்க ஏற்றவை. செவ்வாய்க்கும் சனிக்கும் தயங்குகிறவர்கள்கூட புதன், வியாழன் முகூர்த்தத்தை ஏற்பார்கள். அன்று ஆள் சும்மா இருப்பதைவிடச் சற்றுக் குறைந்த விலைக்கு வேலை செய்யலாம்.

ஏப்ரல், மே மாதங்களில் கூட்டிச் சொல்வது நியாயமே, ஏனெனில் செலவே கூடிவிடுகிறது. மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் ஆட்களுக்கு அறை கிடைக்காது. ஏறுவதற்குக் குன்னூர்ப் பாதை, இறங்குவதற்குக் கோத்தகிரிப் பாதை என்று ஒருவழியாக்கும்போது வண்டி சுற்றிக்கொண்டுதான் போகும். காரணத்தோடு சொன்னால் யாரும் மறுப்பதில்லை.

10. இ-பாஸ், பிளாஸ்டிக் தடை எல்லாம் எங்கள் தலையில்தானே விழுகிறது? இதற்கு யாரிடம் காசு கேட்பது?

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் நடைமுறை வந்தது. 2025 கோடையில் வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்ற வரம்பும் வந்தது. டி.என். 43 பதிவெண் கொண்ட உள்ளூர் வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. கீழிருந்து வருகிற போட்டியாளருக்கு இல்லாத வசதி இது. கொட்டேஷனில் ஒரு வரியாக எழுதுங்கள். விருந்தினர் கார்களுக்குப் பாஸ் எடுக்க வேண்டும் என்பதையும், கல்லாறு சோதனைச்சாவடியிலோ குஞ்சப்பனை சோதனைச்சாவடியிலோ மாமனார் வண்டி நின்றுவிட்டால் முகூர்த்தம் நிற்காது என்பதையும் பத்திரிகை அடிக்கும் முன்பே வீட்டாருக்கு நினைவூட்டுகிறவரை அவர்கள் மறப்பதில்லை.

பிளாஸ்டிக்கைப் பொறுத்தவரை, தமிழ்நாடு முழுவதற்குமான தடை 2019 ஜனவரி 1 முதல் இருக்கிறது. பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் குவளையும் துணிபோலத் தோன்றும் நெய்யாத பையும்கூட அதில் அடங்கும். நீலகிரியில் சிறிய தண்ணீர் பாட்டிலுக்கும் தடை. எனவே எவர்சில்வர் டம்ளர், அதைக் கழுவ இரண்டு ஆள், தாம்பூலத்துக்கு மஞ்சள் துணிப்பை என்று செலவு கூடும். இதைச் சமையல் விலைக்குள் மறைக்காமல் தனி வரியாகக் காட்டுங்கள். துணிப்பையில் மணமக்கள் பெயரை அச்சடித்துத் தருவதற்குச் சற்றுக் கூடுதலாகக் கேட்டாலும் பலர் தருகிறார்கள்.

11. போட்டோவுக்கு யாரும் ஆல்பமே கேட்பதில்லை. மச்சினன் போனிலேயே எடுத்துவிடுகிறான் என்கிறார்கள்.

ஆல்பத்தில் லாபம் வைத்துப் படம் எடுக்கும் கூலியைக் குறைத்துச் சொன்ன காலம் முடிந்துவிட்டது. இப்போது எடுக்கும் வேலைக்கே முழு விலை சொல்லுங்கள். ஆல்பம் பிறகு வேண்டுமானால் தனி. போனால் முடியாதவை எவை என்று காட்டுங்கள்: மங்கலான மண்டபத்தில் தாலி கட்டும் அந்த நான்கு நொடி, இருநூறு பேர் சேர்ந்த குடும்பப் படம், இரண்டு இடங்களில் நகல் வைத்துப் பாதுகாப்பது. 4ஆம் பதிலில் சொன்னது இங்கும் பொருந்தும். விலை குறைய வேண்டுமானால் வரவேற்பை விட்டுவிட்டு முகூர்த்தத்தை மட்டும் எடுங்கள்.

வெளிப்புறப் படங்களுக்குக் கீழிருந்து வருகிற ஜோடிகளிடம் நேரம்தான் உங்கள் சரக்கு. குன்னூரில் பிற்பகலில் பனிமூட்டம் எப்போது இறங்கும், எந்தத் தேயிலைத் தோட்டத்தில் அனுமதி கேட்க வேண்டும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். காப்புக் காட்டுக்குள் அனுமதியின்றி அழைத்துப் போகாதீர்கள். வெலிங்டன் போன்ற ராணுவப் பகுதிக்கு அருகில் டிரோனை எடுக்கவே வேண்டாம்.

12. மண்டபத்துக்காரரும் ரிசார்ட்டும் கமிஷன் கேட்கிறார்கள். கொடுக்காவிட்டால் உள்ளே விடமாட்டார்களாம்.

ஆர்டரை அவர்கள் பிடித்துக் கொடுத்தால் கமிஷன் நியாயமான செலவு. 2ஆம் கேள்வியில் நான் சேர்த்திருப்பதும் அதைத்தான். நீங்களே பிடித்த ஆர்டருக்கு உள்ளே நுழையக் கட்டணம் கேட்டால், அதைக் கொட்டேஷனில் "இடத்துக்கான கட்டணம்" என்று வெளிப்படையாக எழுதி வீட்டாரிடம் கேளுங்கள். மண்டபத்தை முன்பதிவு செய்கிறவர்கள் அவர்கள். பேசிக் குறைக்கும் வலுவும் அவர்களுக்குத்தான் இருக்கிறது. கமிஷனைப் பூவில் ஈடுகட்டுவோம் என்று நினைத்தவர்களின் மேடையை நான் பார்த்திருக்கிறேன். முன்வரிசையில் பூ, பின்னால் காகிதம்.

13. கல்யாணம் நின்றுபோனாலோ மழையில் பாதை அடைபட்டாலோ அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டுமா?

எழுதி வைத்திருந்தால் எழுதியபடி, எழுதாவிட்டால் மனஸ்தாபம்தான். அட்வான்ஸை மூன்றாகப் பிரிப்பது நல்லது: தேதியை உறுதி செய்ய ஒரு சிறு தொகை, ஒரு மாதம் முன்பு பாதி, முந்தின நாள் மாலைக்குள் மீதி. எந்தக் கட்டத்தில் நின்றால் எவ்வளவு திரும்பும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. அதுவரை உண்மையில் செலவழித்ததைக் கழித்துக்கொள்வது நியாயமாக இருக்கும். செலவே செய்யாத நிலையில் முழுவதையும் வைத்துக்கொண்டு, வீட்டார் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் உங்களால் விளக்கம் சொல்ல முடியாது. கல்யாணம் நின்ற வீட்டில் பணத்தைப் பற்றி அதே வாரம் பேசாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவைக்கிறேன்.

பாதை அடைபடுவது இங்கே கற்பனை அல்ல. ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்கள் வடகிழக்குப் பருவமழைக்குள் விழுகின்றன. குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் பெருமழை அப்போதுதான். 2009 நவம்பர் நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பாதைகள் பல நாள் மூடிக்கிடந்தன. வேறொரு கார்த்திகையில் எனக்கு நேர்ந்தது சிறியதுதான்: பர்லியாருக்கு மேலே ஒரு மரம் விழுந்து, பூ வண்டி கீழேயே ஐந்து மணி நேரம் நின்றது. மேடையில் சட்டமும் வெள்ளைத் துணியும் மட்டும் இருந்தன. மண்டபத்துக்கு எதிரே இருந்த நர்சரியில் தொட்டிச் செடிகளை வாடகைக்குக் கேட்டு அடுக்கினோம். பெண் வீட்டார் ஏற்றுக்கொண்டார்கள், பூவுக்கான பணத்தை நான் வாங்கவில்லை. அதிலிருந்து அந்த இரண்டு மாதக் கொட்டேஷன்களில், முந்தின நாள் மதியத்துக்குள் பூ மேலே வந்துவிட வேண்டும் என்றும், அதனால் ஆகும் கூடுதல் வாடகை இவ்வளவு என்றும், வண்டி வராவிட்டால் உள்ளூர்ப் பூ, செடிகளால் அலங்காரம் செய்து வித்தியாசத் தொகையைத் திருப்புவோம் என்றும் எழுதுகிறோம்.

14. சிலர் ஜி.எஸ்.டி. பில் கேட்கிறார்கள், சிலர் பில்லே வேண்டாம், ரொக்கமாகத் தருகிறோம் என்கிறார்கள். எது லாபம்?

சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பதிவு கட்டாயம். வெளியிடச் சமையலுக்குப் பொதுவாக 5 சதவீதம், உள்ளீட்டு வரிக் கழிவு, அதாவது பொருள் வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி, கிடையாது. அலங்காரத்துக்கு 18 சதவீதம். விலை பார்க்கிற வீட்டாருக்கு 18 சதவீதம் பெரிதாகத் தெரியும். ஆகவே கொட்டேஷனில் வரி உட்பட எவ்வளவு என்பதை முதலிலேயே எழுதுங்கள். முடிவில் சேர்த்தால் ஏமாற்றியதாகவே நினைப்பார்கள்.

ரொக்கத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரே நிகழ்ச்சிக்காக ஒருவரிடமிருந்து இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது வருமான வரிச் சட்டம். மூன்று தவணையாகப் பிரித்து வாங்கினாலும் நிகழ்ச்சி ஒன்றுதான். மீறினால் வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம், அதுவும் வாங்கியவர்மேல். கொடுத்தவர் வீட்டில் கல்யாணம் நன்றாகவே முடிந்திருக்கும்.

15. சொந்தக்காரர், ஊர்க்காரர் கல்யாணத்துக்கு என்ன விலை சொல்வது? ஹட்டி (படுகர் ஊர்) முழுக்கத் தெரிந்தவர்கள்.

மலையில் இதுதான் மிகக் கடினமான கேள்வி. அக்கா மகள் கல்யாணத்தில் லாபம் பார்த்தான் என்ற பேச்சும் வரக் கூடாது, நட்டமும் வரக் கூடாது. நான் கடைப்பிடித்த வழி: வெளியாருக்குச் சொல்லும் விலையை முழுதாகக் கொட்டேஷனில் எழுதி, அதன் கீழே "மொய்" என்று என்னால் இயன்ற தொகையைக் கழித்துவிடுவேன். உறவும் தெரியும், வேலையின் மதிப்பும் தெரியும். அடுத்த வீட்டார் "அவர்களுக்கு இவ்வளவுதானே வாங்கினீர்கள்" என்று கேட்கும்போது தாளைக் காட்டலாம். கூலியாட்களின் சம்பளத்தில் மட்டும் எந்த உறவுக்காகவும் குறைக்காதீர்கள். அவர்களுக்கு அது அக்கா மகள் அல்ல.

16. நாங்கள் எல்லோரும் சேர்ந்து, மேடைக்குக் குறைந்தது இவ்வளவு என்று ஒரே விலை வைத்துக்கொண்டால் என்ன?

வேண்டாம். போட்டியாளர்கள் கூடி விலையை நிர்ணயிப்பதை 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் தடை செய்கிறது. சங்கத்தின் பெயரில் தீர்மானம் போட்டாலும் அதேதான். சட்டத்தை விடுங்கள், நடைமுறையிலும் நிற்காது. ஒப்பந்தம் செய்த வாரத்திலேயே ஒருவர் யாருக்கும் தெரியாமல் மூவாயிரம் குறைப்பார். அது நீங்களாகவும் இருக்கலாம்.

விலையில் சேர வேண்டாம், செலவில் சேருங்கள். இரும்புச் சட்டமும் ஜெனரேட்டரும் ஆளுக்கொன்று வாங்கிக் கிடங்கில் துருப்பிடிக்க வைப்பதைவிட, ஒருவருக்கொருவர் வாடகைக்குக் கொடுத்து வாங்கலாம். சென்ற ஆவணியில் ஒரே முகூர்த்தத்துக்கு வேலை பிடித்திருந்த மூன்று பேர் இங்கே என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசி, மூவருக்கும் பூவை ஒரே வண்டியில் ஏற்றிவந்தார்கள். 2ஆம் கேள்வியில் 6,000 என்று எழுதிய வரி அன்று ஒவ்வொருவருக்கும் 2,000 ஆயிற்று. வீட்டாரிடம் மூவரும் என்ன விலை சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. அவர்களும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை.